கமான் கூரைக்குக் கீழே ஒரு பந்தல்

எங்கள் வீட்டு ஹாலுக்குக் கான்கிரீட் போட்டது 2003 ஆனி மாதத்தில். அக்கா அதை ஆடி என்பாள். ஆடி இல்லை. ஆடிச் சனிக்கிழமைகளில் குச்சனூர்க் கோயிலுக்குப் போகிற கூட்டத்தில் சின்னமனூர் பஸ்ஸில் கால் வைக்க இடம் இருக்காது. கான்கிரீட் போட்டது ஒரு சனிக்கிழமை. அன்று விடிகாலைப் பஸ்ஸில் அக்காவும் மச்சானும் சின்னமனூரிலிருந்து கம்பத்துக்கு உட்கார்ந்தே வந்தார்கள். உட்கார்ந்தது மட்டுமில்லை, அக்கா கம்பத்தில் இறங்கிவிட, ஜன்னலோரம் தூங்கிப்போன மச்சான் கூடலூர் வரை போய்த் திரும்பி வந்தார். ஆடிச் சனிக்கிழமை அந்தத் தடத்தில் ஒரு மனிதன் தூங்க முடியுமா? மன்னர்களின் காலத்தைக் கல்வெட்டை வைத்துக் கணிக்கிறவர்களைப் பற்றி நிறையப் படித்திருக்கிறேன். என் வீட்டு வரலாற்றுக்கு மச்சானின் தூக்கம்தான் கல்வெட்டு.

மச்சான் என்று நான் சொல்வது அக்காவின் கணவரை. எங்கள் குடும்பத்தில் வேறு மச்சான்களும் உண்டு. ஆனால் இந்தக் கதைக்கு இவர் ஒருவரே தாராளம்.

பழைய வீட்டுக்கு முன்னால், திராட்சைக் கூடைகளை இறக்கி வைக்கும் காலி இடத்தில் அந்த ஹாலை எழுப்பினோம். சாதாரணத் தட்டைக் கூரையாக இருந்திருந்தால் யாரும் திரும்பிக்கூடப் பார்த்திருக்க மாட்டார்கள். இது கமான் கூரை. ஒரு நீளமான பீப்பாயை நெடுக்காக அறுத்துக் கவிழ்த்து வைத்தது போல, இரண்டு பக்கச் சுவரிலிருந்தும் வளைந்து ஏறி, நடு உச்சியில் இருபது அடியைத் தாண்டியது. சென்ட்ரிங் பலகை அடித்த நாளிலிருந்தே தெருவில் போகிறவர்கள் சைக்கிளை நிறுத்தி அண்ணாந்து பார்த்தார்கள். எதிர் வீட்டுக்காரர், ரேஷன் குடோனை இங்கே மாற்றுகிறார்களா என்று உண்மையாகவே விசாரித்தார். மார்க்கையன்கோட்டையிலிருந்து வந்த நெல் வியாபாரி ஒருவர் உள்ளே நுழைந்து நாலு பக்கமும் பார்த்துவிட்டு, எத்தனை மூட்டை அடுக்கலாம் என்று அத்தாவிடமே, அதாவது என் தகப்பனாரிடமே, கேட்டார். கூடலூரிலிருந்து திரும்பி வந்த மச்சான்தான் எல்லாரையும் மிஞ்சினார்.

"ஏன் மாமா, பெரியாத்துத் தண்ணிய மலைச் சொரங்கம் வழியா லோயர் கேம்ப்புல எறக்காம, இனி இது வழியாத்தான் விடப் போறாகளோ?"

அத்தா சிரிக்கவில்லை. அந்தக் கூரையை அவர் விரும்பியதே இல்லை. விரும்பியவள் என் மனைவி.

அவள் மேகமலையில் வளர்ந்தவள். அவளுடைய தகப்பனார் ஒரு ஏலத் தோட்டத்தில் கணக்குப்பிள்ளையாக இருந்தார். லயன் வீட்டில் குடியிருந்தவர்களுக்குத் தலைக்கு மேல் கை நீட்டினால் தகரம். ஒரு மழை நாளில் துரை பங்களாவுக்குச் சாவி கொண்டுபோன தகப்பனாரோடு அவளும் ஒட்டிக்கொண்டு உள்ளே போனாளாம். உள்ளே மரம் வைத்து வளைத்த கூரை எங்கேயோ உயரத்தில் இருந்தது. அவள் ஒரு முறை இருமினாள். கூரை திருப்பி இருமியது. அன்றே முடிவு செய்துவிட்டாள். கல்யாணமான புதிதில் எல்லாப் பெண்களும் என்னென்னவோ கேட்பார்கள் என்று கதைகளில் படித்திருக்கிறேன். என்னிடம் அவள் கேட்டது திருப்பி இருமுகிற கூரை. 1998-இல் கேட்டாள். 2003-இல் கிடைத்தது. ஐந்து வருடமும் அவள் அத்தாவிடம் வாதாடிய அழகைத் தனியாகவே எழுதலாம். கடைசியில் அத்தா, "கட்டித் தொலைங்க" என்று சொன்னதை அவள் சம்மதம் என்று மொழிபெயர்த்துக்கொண்டாள்.

கமான் கட்ட உள்ளூரில் ஆள் கிடைக்கவில்லை. குமுளிக்கு மேலே சர்ச்சுகள் கட்டிப் பழகிய ஒரு கொத்தனாரைப் பிடித்து வந்தோம். பாதித் தமிழும் பாதி மலையாளமுமாகப் பேசுவார். நல்ல வேலைக்காரர். தவறு அவர் பக்கம் இல்லை. தவறு பிரியாணியின் பக்கம்.

கான்கிரீட் போடுகிற நாளில் வந்த வேலையாட்கள் எல்லாருக்கும் வயிறு நிறையச் சாப்பாடு போடுவது எங்கள் பக்கத்து வழக்கம். அத்தா அதில் ஒரு குறையும் வைக்க மாட்டார். விடியும்போதே கிடா அறுத்து அடுப்பு ஏறிவிட்டது. கூரைக்குள் ஒயர் போக வேண்டிய பிளாஸ்டிக் குழாய்களைக் கம்பிகளுக்கு நடுவே காலையில் முதல் வேலையாகப் பதித்துவிடுகிறேன் என்று ஒயர்மேன் சொல்லியிருந்தார். சொன்னபடி வந்தும்விட்டார். தோளில் குழாய்க் கட்டோடு வந்தவரை வாசலில் மச்சான் மறித்து, சாப்பிட்டுவிட்டு ஏறலாம் என்று உட்கார வைத்தார். மறுசோறு போட்டார். எலும்பு தேடித் தேடிப் போட்டார். தட்டைக் கூரை என்றால் ஒரு மூலையிலிருந்து கான்கிரீட் கொட்டிக்கொண்டே போவார்கள். மறு மூலையில் குழாய் போட நேரம் இருக்கும். கமானுக்கு அப்படி இல்லை. எடை ஒரு பக்கம் சாயக் கூடாது என்று இரண்டு அடிவாரத்திலும் ஒரே நேரத்தில் ஆரம்பித்து மேலே ஏறி வருவார்கள். ஒயர்மேன் கை கழுவிவிட்டு நிமிர்ந்தபோது இரண்டு அடிவாரமும் மூடிவிட்டன. சுவரிலிருந்து குழாய் மேலே ஏறுவதற்கான வழியே போய்விட்டது. உச்சியில் ஒரு கொக்கிகூட இல்லை.

பிறகு துளை போட்டுக்கொள்ளலாமே என்று நான் கேட்டேன். கொத்தனார் நெஞ்சில் கை வைத்துக்கொண்டார்.

"சாரே, ஆர்ச்சைத் தொடண்டா. எங்கன வேணும்னாலும் ஓட்டை போடுங்க, அதுல மட்டும் போடாதீங்க."

கூரையின் அடிப்பக்கத்தில் வெளியே தெரியும்படி குழாய் ஓட்டுவதற்கு என் மனைவி ஒத்துக்கொள்ளவில்லை. நெற்றியில் நரம்பு புடைத்த மாதிரி இருக்கும் என்றாள். ஆக, ஆவணியில் குடி புகுந்தபோது அந்த ஹாலில் இருந்தது சுவரில் அடித்த நாலு டியூப் லைட்டுகள் மட்டும்.

பகலில் அது அரண்மனை. பொழுது சாய்ந்ததும் கவிழ்த்துப் போட்ட கிணறு. டியூப் லைட்டு வெளிச்சம் பக்கவாட்டில் கண்ணைக் கூசவைத்துவிட்டு, மேலே போய்த் தொலைந்துவிடும். நடுவில் உட்கார்ந்திருப்பவர்களின் முகம் தெரியாது. ஆனால் அவர்களுடைய நிழல் கூரையில் பூதாகரமாகத் தெரியும். அத்தாவின் மூக்கு நிழல் ஒரு பஸ் நீளத்துக்கு வளைந்து கிடக்கும். அவர் தும்மினால் பஸ் புறப்படும். அக்காவின் பிள்ளைகள் வந்தால் தரையைப் பார்ப்பதே இல்லை, கூரையைப் பார்த்துக்கொண்டே விளையாடுவார்கள், சுவரில் முட்டிக்கொண்டு அழுவார்கள்.

ஐப்பசியில் ரம்ஜான் நோன்பு தொடங்கியது. முதல் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் நோன்பு திறக்க அக்காவும் மச்சானும் வந்தார்கள். மச்சான் உள்ளே நுழைந்ததும், மூலையில் வெள்ளைத் துணி போர்த்தி உட்கார்ந்திருந்த என் அம்மாவுக்கு மிகுந்த மரியாதையோடு சலாம் சொன்னார். உடம்பு எப்படி இருக்கிறது என்று கேட்டார். பதில் வராததால் போன தடவை வராததற்கு மன்னிப்பும் கேட்டார். அம்மா அப்போது அடுப்படியில் இருந்தார். மூலையில் இருந்தது துணி போர்த்திய தையல் மிஷின்.

எல்லாரும் சிரித்தோம், அத்தாவையும் அம்மாவையும் தவிர. அம்மாவுக்குத் தன்னைத் தையல் மிஷினோடு ஒப்பிட்டதில் வருத்தம். அத்தாவுக்கு வேறு விஷயம். கஞ்சி குடித்து முடித்ததும் அவர் என் மனைவியைக் கூப்பிட்டார். கோபமாகப் பேசவில்லை. அதுதான் பயமாக இருந்தது.

"ஏத்தா, கோவிச்சுக்காத. பெருநாளைக்கு ஊருப்பட்ட சனம் வரும். அதுக்குள்ள இங்கன வெளிச்சம் வந்துச்சா, இருக்கட்டும். வரலைன்னா மறு வாரம் பத்தடியில சிலாப்பு. ஒன் கமான் மேல பத்திரமா இருக்கும். யாரும் பாக்கத்தான் முடியாது."

சொன்னதோடு நிற்கவில்லை. பெருநாள் கழிந்ததும் முட்டுக் கம்புகளோடு வந்து அளவெடுக்கும்படி கொத்தனாருக்கு மறுநாளே போன் போட்டுவிட்டார். பத்தடியில் தட்டையாக ஒரு சிலாப், அதில் நாலு லைட்டு, நடுவில் ஃபேன், முடிந்தது கதை. அவர் கணக்கில் நியாயம் இருந்ததை நான் மறுக்க முடியாது. அன்று என் மனைவி வெகு நேரம் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு ஒரு தடவை மெதுவாக இருமிப் பார்த்தாள்.

முதலில் என் யோசனையை முயன்றோம். பெரிய கட்டடங்களில் விளக்கை மேலே தொங்கவிடாமல் கீழிருந்து மேல்நோக்கிக் காட்டுவார்கள், கூரையே விளக்காகிவிடும் என்று எங்கேயோ படித்திருந்தேன். கல்யாண வீடியோ எடுக்கிறவரிடம் ஒரு ஃபோகஸ் லைட்டை இரவல் வாங்கி, ஹால் நடுவில் மல்லாக்க வைத்து, நோன்பு திறக்கச் சற்று முன்னால் சுவிட்சைப் போட்டேன். அல்லாவே, அந்த வெளிச்சத்தை என்னவென்று சொல்வது. கமான் முழுவதும் ஒரே வெள்ளை. நிலாவுக்கு உள்ளே உட்கார்ந்திருப்பது போல் இருந்தது. என் மனைவி கை தட்டினாள். அத்தாகூட, "ம்" என்றார். அவர் "ம்" என்றால் அது பாராட்டு விழா.

அன்று மத்தியானம்தான் மழை பெய்து விட்டிருந்தது. ஐப்பசி மழை விட்ட சாயங்காலத்தில், கதவைத் திறந்து வைத்துக்கொண்டு, ஊரிலேயே பெரிய வெளிச்சத்தை நாங்கள் போட்டிருந்தோம். ஈசல் வந்தது. ஒன்று இரண்டாக வரவில்லை, மேகமாக வந்தது. கஞ்சியில் விழுந்தது, பேரீச்சம்பழத் தட்டில் விழுந்தது, அம்மாவின் முக்காட்டுக்குள் நுழைந்தது. சுருளி மலையிலிருந்த ஈசல் எல்லாவற்றுக்கும் அழைப்பு அனுப்பிவிட்டாயா என்று அத்தா என்னைக் கேட்டார். விளக்கை அணைத்துவிட்டு, ஈசலைத் திசைதிருப்ப வாசல் விளக்கை மட்டும் போட்டுவிட்டு, இருட்டில் தண்ணீரால் நோன்பு திறந்தோம். இறகுகளைப் பெருக்கி அள்ள இரண்டு நாள் ஆயிற்று. எனக்கு அந்த விளக்கை இனித் தொடக் கூடாது என்று உத்தரவாயிற்று.

அதற்குப் பின் ஒரு நாள் அந்தி நேரத்தில் என் மனைவி தோட்டத்துக்குப் போனாள். எங்கள் திராட்சைத் தோட்டம் வீட்டுக்குப் பின்னாலேயே. பழம் பழுக்கும் சமயத்தில் வௌவால் இறங்காமல் இருக்கப் பந்தலில் ஆங்காங்கே குண்டு பல்பு தொங்கவிட்டிருப்போம். முருங்கைக்கீரை பறிக்கப் போனவள் கீரையில்லாமல் மூச்சு வாங்க ஓடி வந்தாள்.

"ஏங்க, நம்ம தோட்டத்துக்குக் கூரையே கிடையாது. மேல வெறும் வானம்தான். அங்கன பல்பு எதுலங்க தொங்குது?"

எதில் தொங்குகிறது? பந்தல் கம்பியில். கல்தூண்களுக்கு இடையே, ஆள் உயரத்துக்குச் சற்று மேலே, குறுக்கும் நெடுக்குமாக இழுத்துக் கட்டிய கம்பியில். கூரையைத் தொடவே வேண்டாம். சுவருக்குச் சுவர் கம்பி இழுத்தால் போதும். தினமும் அந்தப் பந்தலுக்குக் கீழே குனிந்து நிமிர்ந்துகொண்டிருந்த திராட்சைக்காரர்களான எங்களுக்கு இது தோன்றாமல், ஏலத் தோட்டத்திலிருந்து வந்தவளுக்குத் தோன்றியது. நான் அவளைத் தூக்கி ஒரு சுற்றுச் சுற்றினேன். அம்மா பார்த்துவிட்டு, நோன்பு நேரத்தில் இது என்ன கூத்து என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமைக்குள் நானே நாலு கம்பி இழுத்துவிட்டேன். சுவரில் துளை போட்டு, மரக்கட்டை அடித்து, அதில் கொக்கி திருகினேன். நல்ல உறுதி என்றுதான் நம்பினேன். அக்காவும் மச்சானும் வந்திருந்தார்கள். எல்லாரும் வட்டமாக உட்கார்ந்து, கஞ்சிக் கிண்ணமும் பேரீச்சம்பழமும் கையருகே வைத்துக்கொண்டு, நோன்பு திறக்கப் பள்ளிவாசலில் அடிக்கிற நகரா முரசின் சத்தத்துக்குக் காத்திருந்தோம். அந்த அமைதியில் என் கொக்கி ஒன்று சுவரை விட்டுத் தெறித்துப் பறந்து, அடுப்படி வாசலில் இருந்த பித்தளை அண்டாவில் போய் டணாரென்று அடித்தது.

மச்சான் பழத்தை வாயில் போட்டு மென்று முழுங்கிவிட்டார்.

கை நீட்டிக் கஞ்சியை எடுக்கப் போனவர், மற்றவர்கள் சும்மா இருப்பதைப் பார்த்து நிறுத்தினார். அவருக்குப் பின்னால் கொக்கி தரையில் இன்னும் உருண்டுகொண்டிருந்தது. பிறகு, நிதானமாக, பள்ளிவாசலில் நிஜ நகரா அடித்தது.

"அப்ப மொதல்ல அடிச்சது?" என்றார் மச்சான்.

"அது நம்ம வீட்டு நகரா மாப்ள," என்றார் அத்தா. சொல்லிவிட்டுச் சிரிக்க ஆரம்பித்தார். அந்தக் கமானுக்குக் கீழே அவர் சிரித்தது அதுவே முதல் தடவை. அவர் சிரிப்பைக் கமான் வாங்கித் திருப்பிச் சிரித்தது. அது கேட்டு அவருக்கு இன்னும் சிரிப்பு வந்தது. கண்ணைத் துடைத்துத் துடைத்துச் சிரித்தார். அக்கா, பெருநாளுக்குப் பிறகு இந்த ஒரு நோன்பை ஈடுசெய்து பிடித்தாக வேண்டும் என்று மச்சானிடம் கண்டிப்பாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். அண்டாவையும் உங்களோடு நோன்பு பிடிக்கச் சொல்கிறேன் என்று அம்மா சொன்னார். தையல் மிஷின் கணக்கு அன்றோடு தீர்ந்தது.

சிரிப்பு அடங்கியதும் அத்தா அண்ணாந்து மீதி மூன்று கம்பிகளைப் பார்த்தார். பார்த்த மாத்திரத்தில் அவர் முகம் மாறியது. பந்தல் தொய்ந்திருந்தால் அவரால் தாங்க முடியாது. அடுத்தவர் தோட்டமாக இருந்தாலும் வண்டியை நிறுத்தி இறங்கிப் போய்ச் சொல்லிவிட்டு வருகிற மனிதர்.

"இதுவாலே பந்தலு? ஆடு கட்டுற கயிறு இதைவிட வெறைப்பா இருக்கும். நாலு பேர் பாத்தா என்னைய என்ன சொல்லுவாக?"

மறுநாள் காலையில் தோட்டத்திலிருந்து கம்பிச் சுருளும் இழுவைக் கருவியும் ஏணியும் ஹாலுக்குள் வந்தன. பின்னாலேயே அத்தா வந்தார். என் கொக்கிகளையெல்லாம் பிடுங்கிப் போடச் சொன்னார். செங்கல்லில் எதுவும் நிற்காது, கமானின் பாதம் உட்காரும் கான்கிரீட் பீமில்தான் பிடிமானம் வேண்டும் என்று கொத்தனாரிடம் போனிலேயே சம்மதம் வாங்கினார். கமானைத் தொடவில்லை, பாதத்தில் ஒரு மிஞ்சி போடுகிறோம், அவ்வளவுதான் என்று அவரிடம் சமாதானம் சொன்னதை நான் கேட்டேன். நோன்பு வைத்துக்கொண்டு ஏணியில் ஏறுகிற மனிதனை உலகத்தில் எங்காவது பார்த்ததுண்டா என்று அம்மா கீழே நின்று ஏணியைப் பிடித்துக்கொண்டே திட்டினார். அத்தா காதில் வாங்கவில்லை. ஒவ்வொரு கம்பியையும் இழுத்து முடித்ததும் விரலால் சுண்டுவார். காதைச் சாய்த்துக் கேட்பார். திருப்தி இல்லையென்றால் இன்னொரு திருகு. மதியத்துக்குள் ஹாலே ரீங்காரம் போட்டது. கமான் வேறு கூட ரீங்கரித்தது. என் மனைவியும் நானும் கீழே நின்று ஒருவரையொருவர் பார்க்காமல் இருக்கப் பாடுபட்டோம். பார்த்தால் சிரித்துவிடுவோம், சிரித்தால் அவர் எதற்காக இதெல்லாம் செய்கிறோம் என்று யோசித்துவிடுவார்.

நாலு கம்பி போதும் என்று நான் சொன்னேன். நாலு கம்பிக்குப் பெயர் பந்தலா என்றார். குறுக்குக் கம்பியும் ஓட்டினார். ஹாலின் முழு நீளத்துக்கும் கட்டம் கட்டமாக ஒரு நிஜமான திராட்சைப் பந்தல் எழுந்தது. ஒயர்மேன் வந்தார், இந்தத் தடவை முதலில் வேலை, பிறகுதான் நோன்புக் கஞ்சி. கம்பியில் மின்சாரம் ஏறிவிட்டால் குடும்பத்தோடு பொசுங்கிவிடுவோம் என்று பயந்து, ஒயரைப் பீங்கான் குமிழ்களில் தனியாக ஓட்டினார். பல்புகளை எந்த உயரத்தில் தொங்கவிடுவது என்பதையும் அத்தாதான் முடிவு செய்தார். தலையில் இடிக்கக் கூடாது, கை தூக்கினால் எட்ட வேண்டும். குலை தொங்குகிற உயரம்.

பெருநாளுக்கு முந்தின வாரம், ஒரு சாயங்காலம் சுவிட்சைப் போட்டோம். கீழே எல்லாருடைய முகமும் மஞ்சளாக, தெளிவாக, மூக்கு மூக்கின் அளவிலேயே தெரிந்தது. கஞ்சியில் இஞ்சித் துண்டு தெரிந்தது. மேலே பார்த்தால், வெளிச்சத்தில் பாதி கமானுக்கு ஏறி, பந்தல் கம்பிகளின் நிழலைக் கூரை முழுக்கக் கட்டம் கட்டமாக வளைத்து வரைந்திருந்தது. ஒரு பந்தலுக்கு மேலே இன்னொரு பந்தல். அதை யாரும் எதிர்பார்க்கவில்லை. அத்தா கழுத்து வலிக்கும்வரை பார்த்துக்கொண்டிருந்தார்.

பெருநாளன்று சாயங்காலம் வந்த சொந்தக்காரர்கள் எல்லாரும் திராட்சைக்காரர்கள். பந்தலுக்குக் கீழே வந்தால் கை தானாக மேலே போகும். பழம் பழுத்திருக்கிறதா என்று குலையைத் தொட்டுப் பார்க்காமல் அவர்களால் நடக்க முடியாது. வரிசையாக வந்து வரிசையாகப் பல்பைத் தொட்டு வரிசையாக விரலைச் சுட்டுக்கொண்டார்கள். பெரியவர் ஒருவர் விரலை வாயில் வைத்துக்கொண்டே, எப்போது அறுப்பு என்று கேட்டார். சர்க்கரை ஏறட்டும் என்றார் அத்தா, முகத்தில் ஒரு சிரிப்பும் இல்லாமல்.

அடுத்த வாரம் கொத்தனார் சொன்னபடி வந்து நின்றார். வாசலில் ஒரு வண்டி நிறைய முட்டுக் கம்புகள். அதைப் பார்த்ததும் என் மனைவி டீ டம்ளரோடு அடுப்படி வாசலிலேயே நின்றுவிட்டாள். அத்தா அதுவரை தன் வாயால் சிலாப் வேண்டாம் என்று சொல்லியிருக்கவில்லை. நாங்களும் கேட்கத் துணிந்திருக்கவில்லை. கொத்தனார் ஹாலுக்குள் வந்து, பந்தலுக்கு ஊடே கமானை அண்ணாந்து பார்த்தார். வெகு நேரம் பார்த்தார். பிறகு அளவு நாடாவை எடுத்து, பத்தடி எங்கே வரும் என்று பார்க்க அதன் நுனியைத் தரையில் வைக்கக் குனிந்தார்.

அத்தா நாற்காலியிலிருந்து எழுந்தேவிட்டார்.

"என்னய்யா பண்ற? பந்தலுக்கு மேல யாராச்சும் சிலாப்பு போடுவாகளா? காத்து வேணாமா அதுக்கு?"

எதற்குக் காற்று, பல்புக்கா என்று கொத்தனார் கேட்கவில்லை. நல்ல மனிதர். நாடாவைச் சுருட்டிப் பையில் போட்டுக்கொண்டார். என் மனைவி அவருக்கு டீயைக் கொடுத்துவிட்டு, உள்ளே ஓடிப்போய்ப் பெருநாள் பலகாரம் மிச்சமிருந்த டப்பாவை அப்படியே கொண்டுவந்து அவருடைய இன்னொரு கையில் வைத்தாள். அத்தா ஏணியை நகர்த்தச் சொல்லி என்னை அதட்டினார். மூன்றாவது குறுக்குக் கம்பி தொய்ந்த மாதிரி அவருக்குத் தெரிந்ததாம்.